பூச்சியின் வயதும் இறப்பின் காலமும்: தடயப் பூச்சியியலில் வகைப்பாட்டாளரின் பணி

1. பொருள் வரையறை

இறந்த உடலை நாடிவந்து முட்டையிட்டு, அதையே உண்டு வளரும் பூச்சிகளைக் கொண்டு இறப்பின் காலத்தையும் சூழலையும் ஆராயும் துறை தடயப் பூச்சியியல். இதன் மையக் கருத்தை 'மீச்சிறு இறப்பிடைவெளி' என்று வழங்குவோம். உடலில் கிடைத்த புழுக்களுள் மூத்தது எதுவோ, அதன் வயதே இந்த இடைவெளி.

'மீச்சிறு' என்னும் அடைமொழியை விட்டுவிடலாகாது. ஈக்கள் இரவில் பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. பாயில் சுற்றிய உடலையோ கதவடைத்த அறையில் கிடக்கும் உடலையோ அவை சென்றடையத் தாமதமாகும். ஆகவே, குறைந்தது இத்தனை நாளுக்கு முன்பே இறப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்று மட்டுமே பூச்சியைக் கொண்டு கூற முடியும். உயிரோடிருந்தபோதே புண்ணில் புழு வைத்திருந்தால் இந்த விதியும் பொருந்தாது.

சீனத்தில் 1247-இல் சோங் சி எழுதிய நூல், ஈக்கள் மொய்த்த அரிவாளைக் கொண்டு கொலையாளியைக் கண்டறிந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறது. பிரான்சில் 1894-இல் மெக்னென், பூச்சிகள் உடலுக்கு எட்டு அலைகளாக வருகின்றன என்று வரிசைப்படுத்தினார். இன்றைய துறை அலைகளைவிடத் தனி இனங்களின் வளர்ச்சியையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அதனால்தான் இனத்தின் பெயரை அறிவது இங்கே முதற்கடமையாகிறது.

2. பெயரிடுதல்

புனேயின் ஆகுர்டியில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மேற்கு மண்டல மையம் இயங்குகிறது. நிறுவனம் 1916-இல் தோன்றியது, இம்மையம் 1959-இல். இங்குப் பணியாற்றும் அபர்ணா கலாவதே, மேற்குத் தொடர்ச்சி மலையின் விட்டில் பூச்சிகளை வகைப்படுத்தியவர். கொலை வழக்குகளில் கிடைத்த பூச்சிகளை ஆராய்ந்து காவல்துறைக்கு உதவியவரும் அவரே. விட்டிலும் பிணத்து ஈயும் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால் மயிர், நரம்பு, துளை ஆகியவற்றை எண்ணி ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் கண் இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் கண் பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே வாய்ப்பது.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? புழுவின் பின்முனையை நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு மூச்சுத்துளைத் தட்டுகள் தெரியும். தட்டில் இரண்டு பிளவுகள் இருந்தால் புழு இரண்டாம் பருவத்தது. மூன்று இருந்தால் மூன்றாம் பருவத்தது. பருவம் இவ்வாறு தெரிந்துவிடும். இனத்தைக் கூறுவதே கடினம்.

நம் நாட்டில் உடல்களில் அடிக்கடி காணப்படும் பச்சை ஈக்கள் இரண்டு: கிரைசோமியா மெகாசெபலா, கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ். முன்னதன் புழு வழுவழுப்பானது. பின்னதன் புழு, வளர்ந்த நிலையில் உடலெங்கும் சதைமுள் போன்ற நீட்சிகள் கொண்டது. பிற ஈக்களின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். இந்தப் பழக்கத்தை நாம் மிகக் கவனமாக எண்ணவேண்டும். முதலில் வந்த இனத்தின் புழுக்களைப் பின்னால் வந்த இனம் தின்று தீர்த்துவிட்டால், மூத்த சான்று அழிந்துபோகிறது. கணக்கு உண்மையைவிடக் குறைகிறது. பெயரைப் பிழையாகச் சொல்பவரால் இந்த ஐயத்தை எழுப்பவே இயலாது.

3. கணித்தல்

பூச்சி தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்வதில்லை. சூழலின் வெப்பமே அதன் வளர்ச்சி வேகத்தைத் தீர்மானிக்கிறது. வளர்ச்சி நின்றுபோகும் தாழ்வெல்லைக்கு மேலுள்ள வெப்பநிலையை மணிக்கணக்கில் கூட்டி வருவதைத் 'திரள்வெப்பநேரம்' என்போம். விளக்கத்துக்காக ஓர் எண்ணைக் கொள்வோம்: தாழ்வெல்லை 10 பாகை, ஒரு பருவத்தை எட்டத் தேவையானது 1,800 பாகை-மணி. சராசரி 28 பாகையாக இருந்தால் 100 மணி நேரம் போதும். 22 பாகையாக இருந்தால் 150 மணி நேரம் ஆகும். இடையில் நிற்பவை இரண்டு நாளுக்கு மேல். அந்த இரண்டு நாளில் தான் ஊரிலேயே இல்லை என்று ஒருவர் கூறுவாரானால், வழக்கே இந்தக் கூட்டலைச் சார்ந்து நிற்கும்.

புனே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் மே மாத வெயிலும் டிசம்பர் இரவின் குளிரும் வெவ்வேறு கணக்குகளைக் கேட்பவை. குளிர்நாட்டில் வகுத்த வளர்ச்சி அட்டவணையை அப்படியே இங்கே பொருத்துவது முறையாகாது. உள்ளூர் ஈக்களை உள்ளூர் வெப்பத்தில் வளர்த்து அட்டவணை செய்வதையே இத்துறையின் தலையாய பணியென நாம் கருதுகிறோம்.

4. சான்றாக நிற்றல்

2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு, அறிவியல் வல்லுநரின் கருத்தை ஏற்கத்தக்கதாக்குகிறது. குறுக்கு விசாரணையில் அக்கருத்து நிலைப்பது, மாதிரி எடுத்த முறையைப் பொறுத்தது. புழுவை நேரே சாராயத்தில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும். நீளம் குறைந்தால் வயதும் குறைத்து மதிக்கப்படும். ஆதலால் முதலில் வெந்நீரில் இட்டு, பிறகே சாராயத்துக்கு மாற்றவேண்டும். ஒரு பகுதியை உயிருடன் வைத்து, ஈயாகும்வரை வளர்த்துப் பெயரை உறுதிசெய்ய வேண்டும். உடலைச் சுற்றியுள்ள மண்ணையும் தோண்டிப் பார்க்கவேண்டும். மூத்த புழுக்கள் கூட்டுப்புழுவாவதற்கு உடலைவிட்டு அங்கேதான் செல்கின்றன. குப்பிக்குள் இடும் சீட்டில் எடுத்த இடம், நேரம், வெப்பநிலை மூன்றையும் பென்சிலால் எழுதவேண்டும். சாராயத்தில் மை கரைந்துவிடும்.