மட்பாண்டத்துக்குத் தாய்மொழி உண்டா?

தொல்லியல் ஒரு தொழிலாக உருப்பெற்றதை விஞ்ஞான முறையின் வெற்றியாகவே பாடநூல்கள் எழுதுகின்றன. அந்தத் தொழிலுக்கு இருக்கைகளையும் சம்பளங்களையும் பெற்றுக்கொடுத்த வாதங்கள் எவை என்ற கேள்வி அவற்றில் அதிகம் எழுவதில்லை. ஜேர்மன் - போலந்து அனுபவம் இதற்குத் தெளிவான உதாரணமாகும்.

19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் மண்ணைத் தோண்டியவர்களில் மருத்துவர்களும் போதகர்களும் பள்ளி ஆசிரியர்களுமே அதிகம். பல்கலைக்கழகங்களின் மதிப்பு கிரேக்க, உரோமத் தொல்லியலுக்கே இருந்தது. 1869இல் பேர்லினில் மானிடவியல், இனவியல், முன்வரலாற்றுச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்ற ருடோல்ஃப் ஃபிர்கோவும் தொழிலால் மருத்துவரே. அவர் 60 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் கண், முடி நிறங்களைத் திரட்டி ஆராய்ந்து, 1886இல் முழு முடிவுகளையும் வெளியிட்டார். 'தூய ஜேர்மானிய உடல்' என்ற கற்பனைக்கு அவை இடம்கொடுக்கவில்லை.

ஃபிர்கோ மறைந்த 1902ஆம் ஆண்டிலேயே, மொழியியல் கற்று நூலகராகப் பணியாற்றிய குஸ்டாவ் கொசின்னா பேர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். முழுமையான இருக்கை அவருக்கு இறுதிவரை கிடைக்கவில்லை. 1909இல் தனிச் சங்கமொன்றை அமைத்து, 'மன்னுஸ்' என்ற சஞ்சிகையையும் தொடங்கினார். 1911இல் அவர் முன்வைத்த சூத்திரம் எளிமையானது: தெளிவான எல்லைகளுடைய தொல்பொருட் பண்பாட்டுப் பரப்பு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மக்களுக்கு உரியது. 1912இல் வந்த நூலின் தலைப்பிலேயே முன்வரலாற்றைத் தலைசிறந்த 'தேசிய விஞ்ஞானம்' என அறிவித்தார். புறக்கணிக்கப்பட்டிருந்த ஒரு துறைக்கு அங்கீகாரம் கேட்ட குரலும் தேசியவாதத்தின் குரலும் இங்கே ஒன்றாகிவிட்டன.

இச்சூத்திரத்தை அவரிடமே கற்றவர் யோசெப் கொஸ்த்செவ்ஸ்கி என்ற போலந்துக்காரர். 1914இல் பேர்லினில் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், 1919இல் உருவான பொஸ்னான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதே 1919இல், விஸ்துலா ஆற்று நிலம் ஜேர்மானியரின் ஆதித் தாயகம் என்று ஆசிரியர் எழுதினார். அப்பகுதியில் பரவியிருந்த லுசாஷியப் பண்பாடு ஆதி ஸ்லாவியருடையது என்று மாணவர் வாதாடினார். சூத்திரம் ஒன்றே, தாயகங்கள் இரண்டு!

1933இல் பிஸ்குபின் என்ற இடத்தில் ஏரிக்கரையில் மரக்கட்டைகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு கொஸ்த்செவ்ஸ்கி அங்கு அகழ்வைத் தொடங்க, மரத்தால் அரண் அமைத்த பழங்குடியிருப்பு ஒன்று வெளிவந்தது. போலந்து அதைத் தன் தேசியச் சின்னமாகக் கொண்டாடியது. 1939இல் நாசிகள் வந்ததும் ஊரின் பெயர் 'ஊர்ஸ்டெட்' ஆனது. 1940இலிருந்து ஹிம்லரின் 'ஆனெனெர்பே' நிறுவனம் அதே குழிகளைத் தோண்டியது. கொஸ்த்செவ்ஸ்கி தலைமறைவாக வாழ்ந்தார். போருக்குப் பின் போலந்து ஆய்வாளர்கள் திரும்பினர்.

ஆதிக்கம் செய்தவனையும் ஆதிக்கத்துக்குள்ளானவனையும் ஒரே தட்டில் வைப்பது இங்கு நோக்கமன்று. கொசின்னாவின் சிந்தனை நாசி அரசின் நில அபகரிப்புக்குச் சான்றிதழானது. கொஸ்த்செவ்ஸ்கியினுடையது ஒரு தற்காப்பு. ஆனால் தற்காப்பு என்பதனால் மட்டும் ஒரு வாதம் சரியாகிவிடாது. பிஸ்குபின் மரங்களின் வளையங்களை எண்ணிய பிற்கால ஆய்வு, அவற்றில் பெரும்பகுதி கி.மு. 738-737 குளிர்காலத்தில் வெட்டப்பட்டதைக் காட்டியது. மரம் தன் வயதைச் சொன்னது. தன்னை வெட்டியவனின் மொழியைச் சொல்லவில்லை. லுசாஷியப் பண்பாட்டினரை ஸ்லாவியர் எனக் கொள்ளும் கருத்தை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

கோர்டன் சைல்ட் 1925இல் 'பண்பாடு' என்ற கருத்தை எடுத்தாண்டு, கொசின்னாவின் இனவாதத்தைக் களைய முயன்றார். அதாவது கருவியை விமர்சனத்தோடு கையாளும் வழியொன்று அன்றே இருந்தது. போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மன் தொல்லியலாளரில் பலரோ வகைப்படுத்தலுக்குள்ளும் பட்டியல்களுக்குள்ளும் ஒதுங்கினர். அந்த மௌனம் விமர்சனமாகாது.

'முந்தி வந்தவர் யார்' என்ற கேள்வியோடு வளர்ந்த எமக்கு இவ்வரலாறு அந்நியமானதல்ல. எதிரியின் பொய்யை மறுக்க அகழ்வு தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மக்கள் தம் மண்ணில் வாழும் உரிமை, அங்கு இன்று வாழ்வதிலிருந்தே பிறக்கிறது. அதை ஒரு பானை ஓட்டிலிருந்து பெறுவோமானால், அடுத்த குழியில் கிடைக்கும் இன்னொரு ஓடு அதைப் பறித்துவிடும்.