112 அடி நீள மனுவும் 11 பேர் கூட்டமும்

போன ஆடியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு படிவம் வந்தது. நிதி உதவி செய்ய முன்வந்த ஓர் அமைப்பு அனுப்பியது, பெயர் வேண்டாம். தொடங்கிய தேதி, உறுப்பினர் எண்ணிக்கை, மாதத்துக்கு எத்தனை கூட்டம், சராசரி வருகை, பெண்கள் எத்தனை சதவீதம், கடந்த ஆறு மாத வளர்ச்சி என்று நான்கு பக்கம். வருகைப் பதிவேட்டைப் பிரித்துவைத்து நிரப்ப உட்கார்ந்தோம். ஏப்ரல் 14 அன்று 60 பேர். ஜூலை மூன்றாவது ஞாயிறு 11 பேர்.

"அக்கா, இது தேறாதுக்கா. பேசாம மூடிருவோம்" என்றான் கூட இருந்த தம்பி. பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். அட்டவணையைப் பார்த்தால் அவன் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் தென்காசியில் ஜூலை என்றால் என்ன என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் பையன்களில் பாதிப் பேர் அங்கேதான் கிடப்பார்கள். ஒருவன் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிப்பான், ஒருவன் பழக்கடையில் மங்குஸ்தான் நிறுப்பான், ஒருவன் அப்பாவோடு எண்ணெய் தேய்த்துவிடப் போவான். சாரல் காலத்து மூன்று மாத வருமானத்தில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்கள். பெண்கள் கதை வேறு. பீடிக் கடைக்குக் கணக்கு ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின மாலை யாரும் வர முடியாது. வருகிறவர்களும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் அம்பேத்கரைக் கேட்கிறார்கள். ஆக, 60 என்பதும் முழு உண்மை இல்லை (அன்று சாப்பாடு போட்டோம்), 11 என்பதும் முழு உண்மை இல்லை.

அன்றிரவு படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, நம் முன்னோர் தொடங்கிய அமைப்புகள் இந்த வயதில் எப்படி இருந்தன என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் மன்றம், கூட்டம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது டி.கே.சி.யின் வட்டத்தொட்டிதான். 1920களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் தொடங்கி, பின்னால் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது இங்கே தொடர்ந்தது. வீட்டின் வட்டமான முற்றம்தான் பெயருக்குக் காரணம். கம்பன் பாட்டை அவர் விளக்குவதைக் கேட்க ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி மகராஜனும் வந்தார்கள். சந்தா இல்லை, செயலாளர் இல்லை, பதிவேடு இல்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. தமிழ்ப் பாட்டைப் பண்டிதர்களின் பிடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த கூட்டம் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டி.கே.சி. வழக்கறிஞர், சட்டமன்ற மேலவையில் இருந்தவர், அறநிலையத் துறையில் உயர் பதவி வகித்தவர். விருந்தாளிகளின் கையில் பத்திரிகைகள் இருந்தன. வட்டத்தொட்டியில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. பதிவேடு இல்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.

நம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை. வாயைத் திறந்தால் வந்த முதல் கேள்வியே, நீங்கள் யார், எத்தனை பேர், உங்களை யார் அனுப்பினார்கள் என்பதுதான். அதனால்தான் 1891 டிசம்பர் 1 அன்று உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிய அயோத்திதாசர், பொதுக் கிணறு, கல்வி, வேலைவாய்ப்பு என்று பத்துக் கோரிக்கைகளை எழுத்தில் தீர்மானமாக்கினார். அடுத்த ஆண்டே சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போய் நின்றார். கோயிலுக்குள் எங்களை ஏன் விடவில்லை என்று அவர் கேட்டதும் சபை கொந்தளித்தது. அதற்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகிய கோரிக்கைகளுக்கு மட்டும் ஆதரவு கிடைத்தது. சபைக்கு அப்போது ஒரு வயதுகூட முழுதாக ஆகவில்லை. அந்த ஆண்டில் அதை எடைபோட வந்த ஒருவர், 'பத்துக் கேட்டு இரண்டு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். எதிரில் இருந்தவர்களைக் கத்தவைத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்க மாத இதழ். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே முகப்பில் அச்சடித்தார். சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றன என்று தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். மூன்று மாதத்தில் அது வார இதழானது. இரண்டு ஆண்டில் சொந்த அச்சுக்கூடம். இது எந்தப் படிவத்திலும் ஏறக்கூடிய நல்ல வளர்ச்சிதான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 400 அல்ல, இதழ் தொடங்கி இரண்டு மாதம் கழித்து நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம். இங்கே நடத்தினால் பதவிகள் முழுக்க மேல்சாதியின் கைக்குத்தான் போகும் என்று சீனிவாசனும் தோழர்களும் கருதினார்கள். 1893 டிசம்பர் 23 அன்று சென்னையில் வெஸ்லியன் மிஷன் கல்லூரி மண்டபத்தில் கூடினார்கள். எதிர்ப்பு மனு ஒன்று பாராளுமன்றத்துக்குப் போனது. மனுவின் நீளம் 112 அடி. கையெழுத்துகள் 3412.

அந்த நிலைப்பாடு சரியா தவறா என்பதைத் தனியாக விவாதிக்கலாம். தேசியவாத வரலாறு எழுதியவர்களுக்கு இன்றும் அது உறுத்தல். அந்தத் தேர்வு இந்தியாவில் அப்போது வராமல் போனதற்கு இந்த மனு மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் 112 அடியை ஒருமுறை மனதில் விரித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட ஒரு மக்களிடம், ரயிலும் தபாலும் போகும் ஊர்களைத் தாண்டிச் சேரிகளுக்குள் யாரோ நடந்திருக்கிறார்கள். காகிதத்தோடு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். இதழை வாங்கிய 400 பேர் வாசகர்கள். மனுவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள்தான் அமைப்பு. இரண்டும் வேறு வேறு கணக்கு.

1896இல் இதழில் வெளிவந்த ஒரு கடிதத்துக்காக வழக்கு வந்தது. சீனிவாசனுக்கு 100 ரூபாய் அபராதம். அதையும் செயல்பாட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். படிக்கப்படாத பத்திரிகை மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. 1900இல் அவர் கடல் கடந்து போனதும் 'பறையன்' நின்றது. அந்த இதழின் பக்கங்களை இன்று தேடுகிறவர்கள், வெள்ளை அரசாங்கம் கண்காணிப்புக்காகத் தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளில் துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. நம்மைக் கண்காணித்தவன் வைத்திருந்த கோப்பில் நம் வரலாறு கிடப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மராத்தியப் பக்கமும் ஒரு பார்வை. அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' தொடங்கினார். திலகர் நிறுவிய 'கேசரி', காசு கொடுத்தும் அதற்கு விளம்பரம் போட மறுத்தது. 1923இல் இதழ் நின்றுபோனது. அந்த ஆண்டில் ஒரு மதிப்பீட்டாளர் வந்திருந்தால் தோல்வி என்று முத்திரை குத்தியிருப்பார். 1927இல் மகாட் குளம். அதே ஆண்டில் 'பகிஷ்கிருத் பாரத்'.

இனி 'தமிழன்'. 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் அயோத்திதாசர் தொடங்கினார். விலையே பெயர். வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 1908 ஆகஸ்ட் 26 முதல் 'ஒரு பைசா' போய் 'தமிழன்' ஆனது. வாசகன் பெயரையே மாற்றச் சொல்லும் அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டான் என்பது விற்பனை எண்ணிக்கையைவிட எனக்கு நிறையச் சொல்கிறது. இதழில் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் தொடர்ந்து நடந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களும், ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கூலிக்குப் போனவர்களும் படித்தார்கள். சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகளும் அந்தப் பாதையிலேயே போயின.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் இறந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் இதழை நடத்தினார், பிறகு நின்றது. கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1926இல் அதே பெயரில் 'தமிழன்' மறுபடி வந்தது, சென்னையிலிருந்து அல்ல, கோலார் தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. இடையில் இருந்த ஆண்டுகளில் வருகைப் பதிவேடு எடுத்திருந்தால் பூஜ்யம் என்று காட்டியிருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்திரிகை வராது. யாரோ பழைய இதழ்களைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார்கள், யாரோ ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தகரப்பெட்டிகளின் தொடர்ச்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடிச் சேர்த்துக் காப்பாற்றிய 'தமிழன்' இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் வெளிவந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசர் பெயரில் நடக்கும் ஆய்வில் பெரும்பகுதி அந்தத் தொகுதிகளின் மேல்தான் நிற்கிறது. 'பறையன்' முன்னதாகவே தொடங்கி, வேகமாக வளர்ந்த இதழ். 'தமிழன்' கையில் இருக்கிறது, 'பறையன்' கையில் இல்லை.

இதழ்கள் மட்டும்தான் அப்படி என்றில்லை. 1890களின் தொடக்கத்தில் உருவான பறையர் மகாஜன சபை, சீனிவாசன் வெளிநாட்டில் இருந்த காலத்தையும் தாண்டி ஆதிதிராவிட மகாஜன சபையாகத் தொடர்ந்தது. 1916இல் எம்.சி. ராஜா அதன் செயலாளரானார். 1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசாங்கம் ஏற்று ஆணையிட்டது. ஏறத்தாழ 30 ஆண்டு. 1937இல் திருநெல்வேலியில் ஆதிதிராவிடர் மாநாடு கூடியபோது மீனாம்பாள் சிவராஜ் தலைமை தாங்கினார். தென்காசி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. முதல் மாநாட்டு மேடையில் இடம்பெறாத பெண், பிறகு தலைமை நாற்காலியில் உட்கார்கிறார் என்றால் அமைப்புக்குள் ஏதோ நகர்ந்திருக்கிறது. சதவீதக் கட்டத்தில் அது '1' என்றுதான் விழும்.

இதனால் எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சோம்பேறிகளின் வாதம். 3412 என்று எண்ணி வைத்ததால்தான் இன்றைக்கு நான் அதை உங்களிடம் சொல்ல முடிகிறது. எண்ணுங்கள், தேதி போடுங்கள், தாளைப் பத்திரமாக வையுங்கள். அதோடு படிவம் கேட்காததையும் சேர்த்து எழுதுங்கள்: முதல்முறையாக யார் பேசினார், கூட்டத்துக்குப் பிறகு கிராம சபையில் யார் எழுந்து நின்றார், யாரை வீட்டில் வரவிடவில்லை, தொடங்கியவர் வராத வாரத்தில் கதவைத் திறந்தது யார்.

நாங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். சராசரி வருகை 17 என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். கூடவே சாரல் காலம் பற்றியும் பீடிக் கணக்கு பற்றியும் ஒரு தனித்தாள் இணைத்தோம். நிதி வரவில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிறு நான் வெளியூரில் இருந்தேன். கூட்டம் நடந்திருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினேன். பதிவேட்டில் 19 பெயர்கள் இருந்தன. 'தமிழன்' கேள்வி பதில் பகுதியிலிருந்து இரண்டு பக்கம் வாசித்ததாகக் குறிப்பு. எழுத்து எனக்குப் பழக்கமில்லாதது. ஆங்காங்கே புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது.