வெளுத்ததெல்லாம் பாலா? திரையழகு நம் முடிவை மாற்றும் விதம்

எழுத்து, படம், வண்ணம், ஒலி, அசைவு ஆகியவற்றை ஒரே திரையில் சேர்த்துத் தருவதே பல்லூடக வடிவமைப்பு. புலனத்தில் வரும் கோவில் திருவிழா அழைப்பு, தமிழ்ப்பள்ளி மாணவர் சேர்க்கை அறிவிப்பு, முகநூலில் ஓடும் கடன் விளம்பரம், வங்கிச் செயலி என எல்லாம் இதில் அடங்கும். இவற்றின் தோற்றம், சொல்லப்படும் செய்தியை நாம் நம்புவதா வேண்டாமா என்பதையும் பாதிக்கிறது.

தோட்டப்புறத்திற்குத் திரை புதிதல்ல. 1946இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் படங்களைத் தகவல் இலாகாவின் நடமாடும் வண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோய்த் திரையிட்டன. அன்று படம் காட்டுவது யார் என்பது திடலில் கூடிய எல்லாருக்கும் தெரியும். இன்று பகாவ், ரந்தாவ், லாபு வட்டாரத் தோட்டங்களில் இருப்போருக்கும், தோட்டம் விட்டுச் சிரம்பான், நீலாய் எனக் குடிபெயர்ந்தோருக்கும் திரை கைக்குள் வந்துவிட்டது. காட்டுவது யார் என்பதுதான் தெரிவதில்லை.

கண் முந்தும், கருத்து பிந்தும்

ஓர் இணையப் பக்கம் அழகானதா இல்லையா என்பதை மனிதர் 50 மில்லி வினாடியில், அதாவது ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கில் முடிவு செய்துவிடுகின்றனர் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வு 2006இல் காட்டியது. ஒரு வரியைப் படிக்கக்கூட அந்த நேரம் போதாது.

1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசாக்கி குரோசு, காவோரி காஷிமுரா இருவரும் ஏடிஎம் இயந்திரத் திரைக்கு 26 விதமான அமைப்புகளைத் தயாரித்து மக்களிடம் காட்டினர். அழகாகத் தெரிந்தவற்றையே மக்கள் ‘பயன்படுத்த எளிது’ என்றும் மதிப்பிட்டனர். நோவாம் டிராக்டின்ஸ்கி இதை இஸ்ரேலில் மீண்டும் சோதித்தபோது அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக வெளிப்பட்டது.

நம்பகத்தன்மையிலும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2002இல் 2,684 பேரிடம் இணையத்தளங்களை மதிப்பிடச் சொன்னது. வந்த கருத்துகளில் 46.1 விழுக்காடு, தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை.

எளிதில் படிப்பது உண்மையாகத் தோன்றும்

வெள்ளைப் பின்னணியில் தெளிவான வண்ணத்தில் எழுதப்பட்ட வாக்கியங்களை, மங்கலாக எழுதப்பட்டவற்றைவிட அதிகமானோர் உண்மை என்று கருதுவதை ரோல்ஃப் ரெபர், நோர்பர்ட் ஷ்வார்ஸ் 1999இல் கண்டறிந்தனர். 2008இல் வந்த மற்றோர் ஆய்வில், ஒரே உடற்பயிற்சிக் குறிப்பு இரண்டு எழுத்துருக்களில் தரப்பட்டது. எளிய எழுத்துருவில் படித்தவர்கள் அதைச் செய்து முடிக்கச் சராசரியாக 8.2 நிமிடம் ஆகும் என்றனர். வளைவும் நெளிவுமான எழுத்துருவில் படித்தவர்களோ 15.1 நிமிடம் என்றனர். படிக்கப் பட்ட சிரமம், செய்யவேண்டிய வேலையின் சிரமமாக மனத்தில் பதிந்துவிட்டது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

பூவும் வானவில்லும் நிறைந்த படத்தின் மேல் எழுத்தை வைத்தால் தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். மேலும் கீழும் நீளும் குறியீடுகள் மோதாமல் இருக்க, ஆங்கிலத்தைவிட வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும். வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது அனைத்துலக இணைய அணுகல் வழிகாட்டி.

நல்ல திரை எழுத்துருவுக்கு அயலில் தேட வேண்டியதில்லை. ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருவை உருவாக்கியவர், 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய மலேசியர் முத்து நெடுமாறன். ‘எம்.என்.’ அவர் பெயரைக் குறிப்பது.

அழகை விலைக்கு வாங்கலாம்

பள்ளி அறிவிப்பு அவசரத்தில் மங்கலாகத் தயாராகிறது. மோசடி விளம்பரமோ வங்கிச் சின்னம், சீரான வண்ணம், சிரித்த முகம் என்று பளிச்சென வருகிறது. மேலே கண்ட ஆய்வுகளின்படி இரண்டாவதை நம்பும் பக்கமே கண் சாயும். சம்பளமும் சேமநிதிப் பணமும் பறிபோவது இந்த இடத்தில்தான்.

ஆகவே அறிவிப்பு தயாரிக்கும் ஆலய நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தேதி, இடம், தொடர்பு எண் மூன்றையும் வெற்றுப் பின்னணியில் பெரிய எழுத்தில் வைப்பது நலம். கைப்பேசியை ஒரு மூத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்பதே சிறந்த சோதனை.

பணம் கேட்கும் விளம்பரத்தைப் பார்ப்பவர்கள், அதன் தோற்றத்தை ஒதுக்கிவிட்டு வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபார்க்கலாம். கடன் தருமுன்பே முன்பணம் கேட்டால் விலகிவிட வேண்டும். பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்கவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும்.