கஞ்சாக் கடைகளின் இடத்தேர்வும் ஊர்க்கருத்தும்

பிரித்தானிய ஆட்சிக்கால வங்காளத்தில் கஞ்சா, உரிமம் பெற்ற கடைகளின் வழியே விற்கப்பட்டது. அரசுக்கு அது வருவாய் தரும் பண்டமாகவும் விளங்கியது. அக்கடைகளை அமைப்பதில் ஊராரின் கருத்துக்கு எத்துணை இடமிருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1890ஆம் ஆண்டில் இந்திய அரசு தன் ஆயத்தீர்வைக் கொள்கையை நெறிகளாக வகுத்துரைத்தது. மதுவும் போதைப்பொருளும் விற்கும் கடைகளின் எண்ணிக்கையை அவ்வவ்விடச் சூழலுக்கேற்ப வரையறுத்தல் அவற்றுள் ஒன்று. ஊர்க்கருத்தை அறிந்து அதற்கு நியாயமான அளவு மதிப்பளித்தல் மற்றொன்று. ‘நியாயமான அளவு’ என்னும் அடை நோக்கத்தக்கது. அலுவலர் ஊர்க்கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குக் கட்டுப்பட வேண்டுவதில்லை. உரிமம் வழங்கிய மாவட்ட ஆட்சியரே வருவாய்க்கும் பொறுப்பாளராயிருந்தமையின், ஊராரின் எதிர்ப்பும் அரசின் வரவும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்பட்டன எனலாம்.

1893இல் அமைக்கப்பெற்ற இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1,193 பேரிடம் சான்றுரை பெற்றது. முழுத்தடை தேவையில்லை எனக் கண்ட அக்குழு, போதிய வரி, உரிமவழிப் பயிரிடல், கடைகளின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா விற்பனையைத் தடைசெய்தது. எனினும், பூங்கொத்தோடு சேராத இலையும் விதையும் அச்சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் அடங்கா. ஆதலின் உத்தரப்பிரதேசம், இராசத்தான் ஆகிய மாநிலங்களில் இலையாலாகிய பாங்கு இன்றும் மாநில உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றது. ஊர்க்கருத்து கேட்கப்படுவதா, முடிவு செய்வதா என்னும் 1890ஆம் ஆண்டின் வினா அக்கடைகளுக்கும் உரியதே.