விசைப்படகின் முன்பக்கத்தில் நீர் ஏறுவது ஏன்?

கோலா பெசுட்டிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்கு விசைப்படகில் செல்லும்போது முன்பக்க இருக்கைக்குப் போட்டி போடுவோர் உண்டு. ஆபத்தும் அங்கேதான். அலை முகட்டிலிருந்து படகு வேகமாக இறங்கும்போது முன்பாரம் மிகுந்திருந்தால், அதன் மூக்கு அடுத்த அலைக்குள் குத்தும். கடல்நீர் உள்ளே கொட்டும். 300 லிட்டர் ஏறினாலே 300 கிலோவுக்கு மேல், அதாவது நான்கைந்து பெரியவர்களின் எடை! அந்த நீரும் முன்னோக்கி ஓடி மூக்கை மேலும் அழுத்தும். பயத்தில் விசையைச் சட்டெனக் குறைத்தாலும் மூக்கு தாழும். பின்னால் வரும் அலை படகுக்குள் ஏறிவிடும்.

அனுபவமுள்ள படகோட்டி அலை வருமுன்பே வேகத்தைத் தணித்து, பயணிகளைப் பின்னுக்கு நகர்த்தி, அலையைச் சற்றுச் சாய்வாக எதிர்கொள்வார். உயிர்காப்பு அங்கியைப் படகில் ஏறியவுடனே அணிய வேண்டும். கவிழ்ந்த பிறகு தேட நேரமிருக்காது.