கப்பலேறிப் போருக்குச் சென்ற முன்னோரைத் தேடுதல்



நம் பண்ணைப்புரத்திற்கும் கடலுக்கும் வெகு தூரம். மேற்கே மலையைக் கடக்க வேண்டும். அன்றேல் கிழக்கே இராமநாதபுரம் சீமை வரை செல்ல வேண்டும். ஆயினும், "எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிச் சண்டைக்குப் போனவர்" எனக் கூறும் பெரியவர்களை இப்பள்ளத்தாக்கில் நாம் காண்கிறோம். எந்தச் சண்டை, எந்த ஆண்டு, எந்தக் கப்பல் என்று வினவினால் விடை வருவதில்லை. சொன்னவர்கள் மறைந்தபின் அந்த ஒரு வரியும் மறைந்துவிடும். அதனை எவ்வாறு ஆராய்ந்து உறுதி செய்வது என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். விக்டோரியா அரசியின் காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்தில் "கப்பலில் போனவர்" என்ற சொல் மூவகையினரைக் குறிக்கக்கூடும். ஒருவர், பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்தியக் கடற்படையில் பணிபுரிந்தவர். அப்படை 1863இல் கலைக்கப்பட்டது. இன்னொருவர், வாடகைக் கப்பல்களில் கூலிக்குச் சேர்ந்த லஸ்கர் எனும் மாலுமி. 'லஷ்கர்' என்னும் பாரசீகச் சொல்லுக்குப் படை என்பது பொருள். மூன்றாமவர், கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட தரைப்படைச் சிப்பாய் அல்லது அப்படைக்குப் பணிவிடை செய்த தொண்டர். குடும்பத்தார் நினைவில் மூவருமே 'கப்பல்காரர்' ஆகிவிடுவர். ஆனால் ஆவணங்களில் மூவரும் வெவ்வேறு இடங்களில் இருப்பர். ராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிக்கும் நம் மக்களிடையே, மூன்றாம் வகையினரையும் மறவாமல் தேடுதல் வேண்டும்.

சென்னைப் படையினர் கடல் கடப்பதற்குப் பெயர் பெற்றிருந்தனர். 1852இல் பர்மாப் போருக்குக் கப்பலேற வங்காளப் படையின் 38ஆம் பிரிவு மறுத்தபோது, சென்னைச் சிப்பாய்கள் அப்போரில் பெருமளவில் பங்கேற்றனர். அந்நாளில் சென்னையில் துறைமுகம் இல்லை. அலைகளினூடே மசூலாப் படகுகளில் சென்றே நடுக்கடலில் நின்ற கப்பலை அடைய வேண்டியிருந்தது.

அவ்வாறு சென்றவர்கள் கண்ட போர்கள் யாவை? 1840 முதல் 1842 வரை நடந்த சீனப் போரை எடுத்துக்கொள்வோம். அபின் வணிகத்தைச் சீன அரசு தடுத்ததால் ஆங்கிலேயர் தொடுத்த போர் அது. சென்னைப் படையின் 37ஆம் காலாட்படைப் பிரிவு அதற்கு அனுப்பப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினரை ஏற்றிச் சென்ற 'கோல்கொண்டா' என்னும் கப்பல் 1840இல் சீனக் கடலில் புயலில் சிக்கித் தடமின்றி மறைந்தது. எஞ்சியோரில் ஒரு கம்பெனியினர் 1841 மே மாத இறுதியில் கான்டன் நகருக்கு வெளியே பெருமழையில் தனித்து அகப்பட்டனர். துப்பாக்கி மருந்து நனைந்து வெடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராம மக்கள் சூழ்ந்து நிற்க, துப்பாக்கி முனைக் கத்திகளைக் கொண்டே சதுரமாக நின்று தற்காத்தனர். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்கள் வந்த பின்னரே அவர்கள் மீண்டனர்.

அதனினும் துயரமானது 'நர்மதா' நதியின் பெயர் தாங்கிய கப்பலின் வரலாறு. 1841 செப்டம்பரில் 274 பேருடன் சென்ற அக்கப்பல் தைவான் தீவின் வடகரையில் மோதியது. ஐரோப்பியர் அனைவரும் வேறு சிலரும் படகுகளில் ஏறித் தப்பினர். ஏறத்தாழ 240 இந்தியர்கள், மாலுமிகளும் படைத்தொண்டர்களுமாக, உடைந்த கப்பலிலேயே விடப்பட்டனர். நாட்கள் சில சென்றபின் அவர்கள் தாமே தெப்பங்கள் கட்டிக் கரை சேர முயன்றனர். சிலர் மூழ்கினர், சிலர் கரையில் கொல்லப்பட்டனர், மற்றவர் சிறைப்பட்டனர். 1842 மார்ச்சில் 'ஆன்' என்னும் கப்பலும் அதே தீவில் உடைந்து, அதிலிருந்தோரும் சிறையாயினர். அவ்வாண்டு ஆகஸ்டில், சீனப் பேரரசரின் ஆணைப்படி, இரு கப்பல்களையும் சேர்ந்த 197 பேர் தைவானில் தலை வெட்டப்பட்டனர். அதே மாதம் 29ஆம் நாள் நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தாகிப் போர் முடிந்தது. சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இருவரின் நாட்குறிப்புகள் 1844இலேயே லண்டனில் அச்சேறின. லஸ்கர்களோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே பதிவாயினர். எவருடைய தாயார் எத்தனை ஆண்டு வாசலைப் பார்த்திருந்தாரோ, அல்லாஹ்வே அறிவான்.

இரண்டாவது, 1867–68ஆம் ஆண்டின் அபிசீனியப் படையெடுப்பு. அபிசீனியா என்பது நாம் ஹபஷா என்றழைக்கும் நாடேயாகும். நபித்தோழர்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் தந்த அந்நாட்டின் மீது, பிற்காலத்தில் தெவோத்ரோஸ் என்ற அரசர் ஆங்கிலேயரைச் சிறைவைத்த காரணத்தால், இராபர்ட் நேப்பியர் தலைமையில் படை சென்றது. சுமார் 13,000 படைவீரர், 26,000 தொண்டர், 40,000க்கும் மேற்பட்ட விலங்குகள், அவற்றுள் 44 யானைகள். இவற்றை ஏற்ற 280க்கும் மிகுதியான கப்பல்கள். செங்கடற்கரையிலுள்ள சூலாவில் நன்னீர் கிடையாமையால், கப்பல்களில் கடல்நீரைக் காய்ச்சி வடித்தே குடிநீர் வழங்கினர். 1868 ஏப்ரல் 13ஆம் நாள், ஹிஜ்ரி 1284 துல்ஹஜ் மாதத்தில், மக்தலா கோட்டை வீழ்ந்தது. சென்னை சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையின் கம்பெனிகள் இதில் பங்கேற்றன.

நம் பள்ளத்தாக்கிற்குப் பெரியாற்று நீரைத் திருப்பிய கர்னல் பென்னிகுக் அவர்களும், சென்னைப் பொறியாளர் படையின் இளம் அதிகாரியாக இப்படையெடுப்பில் பணியாற்றியவரே. 1895இல் திறக்கப்பட்ட அவ்வணையின் கட்டுமானத்தில் சென்னை பயனியர்ஸ் படையினரும் உழைத்தனர். லோயர் கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் எழுந்தது. அவர் ஏறியது போன்ற கப்பலில் அடித்தட்டில் கிடந்து சென்ற சிப்பாய்க்கும் ஒரு பெயர் இருந்தது. அதைத் தேடும் கடமை அவருடைய வாரிசுகளுக்கே உரியது.

எவ்வாறு தேடுவது? மதரஸாவில் ஓதியவர்கள் 'அஸ்மாவுர் ரிஜால்' கலையை அறிவர். செய்தியைச் சொன்னவர் யார், எவரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்கக் கூடுமா என்பதே அதன் அடிப்படை வினா. இதனையே இங்கும் கையாள வேண்டும். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு எனக் கணக்கிடின், 1955இல் பிறந்த ஒருவருடைய பாட்டனாரின் பாட்டனார் 1845ஐ ஒட்டிப் பிறந்தவராவார். அவர் அபிசீனியா சென்றிருக்கலாம். 1840இன் சீனப் போருக்குச் சென்றிருக்க இயலாது. இக்கணக்கு ஒன்றே பாதி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து, வீட்டிலுள்ள பழைய தாள்களின் தேதி. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. 'பிரபவ' எனக் கண்டால் அது 1867இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1807 அல்லது 1927இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். ஹிஜ்ரி ஆண்டும் உடன் இருப்பின் குழப்பமில்லை. ஆகவே கபுருஸ்தானின் மீசான் கற்களிலுள்ள எழுத்துகள் தேய்வதற்கு முன் படியெடுத்தல் அவசியம்.

மூன்றாவது, பதக்கம். பழைய வெள்ளி என்று கருதி எடைக்கு விற்றுவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டா. அக்காலப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெற்றவர் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். 1885–87 பர்மாப் போருக்கான பதக்கம் படைத்தொண்டர்களுக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. வெண்கலம் என்பதால் அதனைத் தாழ்வாக எண்ணலாகாது.

இவை கைவந்தபின் ஆவணக் காப்பகங்களை நாடலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் பதிவுகள் உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மற்றும் இந்தியா ஆபீஸ் பதிவுகள் உள்ளன. அந்நகரின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கப் பட்டியல்கள் உள்ளன. வணிகக் கப்பல் மாலுமியாயின், 1863 முதலான பிரிட்டிஷ் மாலுமிப் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள கடல்சார் காப்பகத்தில் இருக்கிறது. பெயரை ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறே எழுதியிருப்பர். ஒரே முஹம்மது நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருப்பார். எனவே பெயர் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. படை எண், பிரிவு, தந்தை பெயர், ஊர் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்த வேண்டும். பொருந்தாத ஒருவரை நம் வமிசத்தில் சேர்ப்பதைவிட, இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

"அந்நியருக்காகப் போரிட்டவரைத் தேடுவது தகுமா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அபினுக்காக நடந்த போரைப் பெருமை பேச நாம் எழுதவில்லை. சம்பளத்திற்காகவும் பஞ்சத்திற்காகவும் சென்றவர்கள் அவர்கள். அவர்களை வீரர் என்று புகழவும் வேண்டா, துரோகி என்று இகழவும் வேண்டா. நடந்ததை நடந்தவாறு அறிந்து, பெயர் சொல்லி துஆச் செய்தாலே போதும்.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் நாம் வேண்டுவது இதுவே. வீட்டிலுள்ள மூத்தவரிடம் அமர்ந்து, அவர் அறிந்த பெயர்களை அவர் சொல்லும் முறையிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறியுங்கள். பழைய பத்திரம், ஓய்வூதியத் தாள், பதக்கம், நிக்காஹ் பதிவு எதுவாயினும் படமெடுத்து ஒரு பிரதியைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும்.

கரை சேராத அம்மக்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களின் மறுமையை நலமாக்குவானாக! ஆமீன்.