மூடப்படும் நிலையிலிருந்து உலக விருதுக்கு: புணே மாவட்ட அரசுப் பள்ளியின் பயணம்

மகாராஷ்டிர மாநிலம், புணே மாவட்டத்தின் கேட் வட்டத்தில் உள்ள ஜாலிந்தர்நகர் ஜில்லா பரிஷத் பள்ளி, 2025-ஆம் ஆண்டுக்கான 'உலகின் சிறந்த பள்ளி' விருதுகளில், பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதைப் பெற்றது. டி-4 எஜுகேஷன் அமைப்பு இவ்விருதுகளை வழங்குகிறது.

மாணவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததால், 2022-இல் இப்பள்ளி மூடப்படும் நிலையில் இருந்தது. ஆசிரியர் தத்தாத்ரேய வாரே பொறுப்பேற்ற பின்னர், ஊர் மக்களின் பங்களிப்புடன் பள்ளி புத்துயிர் பெற்றது. சேர்க்கை 100-ஐக் கடந்தது. 'பாட நண்பன்' என்ற முறையில், இங்கு மாணவர்கள் வயது வேறுபாடின்றி ஒருவருக்கொருவர் கற்பிக்கின்றனர்.

மாணவர் குறைவு காரணமாக ஊரகத் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டால், சிறு குழந்தைகள் கல்விக்காக வெளியூர் செல்ல நேரிடும். ஊர் மக்கள் துணைநின்றால் அந்நிலையை மாற்ற இயலும் என்பதற்கு ஜாலிந்தர்நகர் சான்றாக உள்ளது.